பிரௌசர் மேல் தப்பில்லை

எங்கள் அறையில் மூன்று பேர், ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்பில் மூன்று பிரௌசர். சண்டை வர வேறென்ன வேண்டும்?

நரி என்பவன் என்னோடு ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவன். நரிப் படம் போட்ட பிரௌசரைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். அதனால் அந்தப் பெயர். மேல்கட்டில் மாமா எங்கள் யாருக்கும் மாமா இல்லை. வயதில் மூத்தவர், பாதி நாள் மேல்கட்டிலை விட்டு இறங்காதவர்.

"அண்ணே, உங்க பிரௌசர் மெமரியை எல்லாம் தின்னுடும். தின்னுட்டு மறுசோறு கேக்கும். நம்ம நரிக்கு மாறிடுங்க" என்பான் நரி.

"எல்லாம் ஒரே கழுதைதான்டா, சேணம்தான் வேற" என்பார் மாமா மேலிருந்து.

எனக்கு இதில் கட்சி கிடையாது. என் கவலை ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளோடு பேசும் வீடியோ கால் மட்டும்தான். நான் ஊரிலிருந்து இந்த வெளிநாட்டுக்குக் கிளம்பி வந்தபோது சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. வருடக்கணக்காக "ம்", "இல்ல", "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். போன பிறந்தநாளுக்கு ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினேன். அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். "அப்பா, வேலையில சிரிப்பு வர்ற மாதிரி ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டாள். "சின்ன வயசுல எதுக்கு ரொம்ப பயப்படுவீங்க?" என்று கேட்டாள். என்னை ஒருவரும் கேட்காத கேள்விகள். அடுத்த ஞாயிறு வரை அதையே அசைபோட்டுக்கொண்டு இஸ்திரி போடுவேன்.

ஒரே ஒரு குறை. நான் பதில் சொல்லி முடித்ததும் கால் தேங்கிவிடும். அம்மாவின் போனில்தான் பேசுவாள். திரையில் அவள் முகம் அசையாமல் நிற்கும், கண்கள் தாழ்ந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த கேள்வி வரும். நெட் இழுக்கிறது என்று நினைத்து மூன்று பிரௌசரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நரி எதை எதையோ அழித்தான், எதை எதையோ ஏற்றினான். தேக்கம் போகவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பிரௌசரை ஏன்டா போட்டு வதைக்கிறீங்க?" என்றார் மாமா.

அந்த மாதம் என் ஒப்பந்தம் முடிந்தது. இருக்கிறாயா போகிறாயா, திங்கட்கிழமை சொல் என்றிருந்தார் சூப்பர்வைசர். போவதென்று முடிவு செய்திருந்தேன். நம்மோடு பேச ஒரு ஆள் இருந்தால்தானே அது வீடு. இப்போது இருந்தாள்.

ஞாயிறு மதியம், கால் வருவதற்குமுன் விமான டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். தேடும் பெட்டியில் கர்சரை வைத்ததும் பழைய தேடல்கள் கீழே விரிந்தன. ஒன்றுகூட நான் தேடியதில்லை.

அப்பாவிடம் போனில் என்ன பேசுவது.
அப்பாவின் வேலை பற்றி என்ன கேட்கலாம்.
பேச ஒன்றும் தோன்றவில்லை என்றால்.

நரி எட்டிப் பார்த்தான். "யாரோ உங்க அக்கவுண்ட்ல புகுந்துட்டாங்கண்ணே!" என்றவன் சற்று யோசித்து, "ஊருக்கு அனுப்பினீங்களே டேப்லெட், அதை யாரு செட் பண்ணது?" என்று கேட்டான்.

"நான்தான்."

இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நம் கணக்கையே போட்டு, எல்லாம் தயாராக்கி, பெட்டியை ஒட்டி அனுப்புவோம்.

"அப்ப அங்க தேடறதெல்லாம் இங்கயும் வரும்ணே..." என்று தொடங்கிய நரி, திரையை இன்னொரு முறை படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

கால் வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்டா கண்ணு."

தேங்கியது. கண்கள் தாழ்ந்தன. தேடும் பெட்டியைத் தொட்டேன். புதிதாக ஒரு வரி: அப்பாவைச் சிரிக்க வைக்கும் கேள்விகள்.

"அப்பா, நீங்க ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகமா இருப்பீங்க?"

"கழுதை."

மேலே மாமா குபீரென்று சிரித்தார். அவளும் சிரித்தாள். கீழே பார்க்காமல், பல் தெரிய. அந்தச் சிரிப்பை அவள் எங்கும் தேடி எடுக்கவில்லை. அதை நம்பித்தான் கேட்டேன்.

"கண்ணு, அப்பா மொத்தமா அங்கயே வந்துடட்டுமா?"

சிரிப்பு நின்றது. கண்கள் தாழ்ந்தன. பெட்டியைத் தொடாமல் இருந்திருக்கலாம். தொட்டேன்.

அப்பா வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றால் என்ன சொல்வது.

"வாங்கப்பா" என்றாள். "நீங்கள் எங்களோடு இருப்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி."

மிகுந்த மகிழ்ச்சி. வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிற வார்த்தை. பின்னால் என் மனைவி பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அது நின்றுவிட்டது. அவளும் காத்திருந்தாள் போல.

"சும்மா கேட்டேன்டா. இங்க வேலை தலைக்கு மேல கெடக்கு. இப்ப எங்க வர்றது?"

"சரிப்பா. அம்மாகிட்ட குடுக்கறேன்."

உடனே வந்தது அந்தப் பதில். நான் கடைசி வார்த்தையை முடிப்பதற்குள் வந்தது. இத்தனை மாதத்தில் கால் தேங்காதது அப்போதுதான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த டேப்லெட்டை உங்க கணக்குல இருந்து கழட்டிடலாம்ணே. ஒரு பட்டன்தான். அப்புறம் அவ தேடறது எதுவும் உங்களுக்குத் தெரியாது."

"வேண்டாம்டா" என்றேன். "அதையும் கழட்டிட்டா, அவளைப் பத்தி எனக்கு வேற என்ன தெரியும்?"