சத்தியக் காசின் எடை

காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஹேமநாத், பழைய காசு சேர்க்கிறவன். மணவாளன் நீட்டிய காசை லென்சுக்கு அடியில் வைத்தான். எதிரே அவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவருடைய குப்பத்து வழக்குகள் போலீஸுக்குப் போவதில்லை. பழி விழுந்தவன் அம்மன் முன்னால் அந்தக் காசைக் கைக்குள் மூடிச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னவனை ஏரி விடாது. அப்படிப் போன மூன்று பேரை மணவாளன் பெயரோடு சொல்வார். காசைக் காப்பது தலைமுறை தலைமுறையாக அவர் வீடு.

போன வருஷம் ஒரு வலைத் தகராறில் அதைக் கையில் வாங்கிய சின்னராசு, "இது அந்தக் காசு இல்ல பெரியவரே, கனமே காணோம்" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக, ஏரியில் வலை போட அவனுக்கு இருந்த முறையையே மணவாளன் நிறுத்திவிட்டார். போன வாரம் சின்னராசுவின் படகு எரிந்தது. அவன் கைகாட்டியது மணவாளனின் மகன் கணேசனை. நாளை கணேசன் சத்தியம் செய்கிறான். காசு அசல் என்று எழுதி வாங்கிப் போய்ச் சின்னராசுவின் வாயை அடைக்கவே அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

"போர்ச்சுகல் காசுங்க ஐயா. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் ராஜாவோட கேடயம். ஐந்நூறு வருஷத்து வேலை. அப்போ மிஷினு ஏது? ரெண்டு அச்சுக்கு நடுவுல வெள்ளித் தகட்ட வெச்சு, சுத்தியால ஒரே போடு. அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு அமையவே அமையாது."

"எழுதிக் குடு."

ஹேமநாத் எழுதவில்லை. தராசில் வைத்தான். ஏழு கிராம்கூட இல்லை. அலமாரியிலிருந்து இன்னொரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். சிலுவை அதே பக்கம் ஒதுங்கியிருந்தது. விளிம்பில் அதே வெடிப்பு. கேடயத்தின் மேல் அதே கீறல்.

"இது ஒம்பது கிராம். இத்த வெச்சு அச்செடுத்து ஊத்தினதுதான் உங்குளுது. கொப்புளம் தெரியுது பாருங்க."

ஊசி முனை போன்ற குழிகள் தெரிந்தன.

"உனக்கு இத்த வித்தவன் யாரு?"

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க. கும்மிடிப்பூண்டி வார்ப்புப் பட்டறையில வேலைன்னாரு. புருவத்துல தழும்பு."

கணேசனுக்கு ஆறு வயதில் துடுப்பு பட்ட தழும்பு அது.  மணவாளன் காதுக் கடுக்கன் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கனமான காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். ஒரு வார்ப்புக் காசுக்காக ஒரு குடும்பத்தை ஏரியிலிருந்து தள்ளிவைத்திருந்தார். பஸ் பெரியபாளையம் தாண்டும்போது, வழக்கமாகக் கூப்பும் கையைக் கோயில் பக்கம் கூப்பவில்லை.

மறுநாள் குப்பம் கூடியது. கணேசன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"இன்னா சின்னராசு, இந்த வாட்டி தராசு எடுத்துக்கினு வந்தியா?"

சிலர் சிரித்தார்கள். சின்னராசு தலையைத் தூக்கவில்லை.

மணவாளன் மகனுடைய உள்ளங்கையில் காசை வைத்தார். கை லேசாகத் தாழ்ந்தது. நாள் முழுதும் உலோகத்தில் புழங்கும் கை அது. கணேசன் காசைப் பார்த்தான். பிறகு அப்பாவின் வெறுங்காதுகளைப் பார்த்தான். சிரிப்பு உதட்டிலேயே உறைந்துவிட்டது.

"நைனா..."

"கைய மூடு."

 படகுகளுக்கு அடியில் தண்ணீர் நக்கும் சத்தம் மட்டும்.

"மூடிக்கினு சொல்லு," என்றார் மணவாளன், முதுகு வளையாமல்.

கணேசனின் விரல்கள் மூடவில்லை.