வட்டம் போட்ட வரி

கோமதிநாயகம் அச்சாகி வந்த கையேட்டுப் புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தைப் பார்த்தார், பதினைந்தைப் பார்த்தார், மறுபடியும் பதினாலுக்கு வந்தார். எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டியதில் தாளின் முனை மடங்கிவிட்டது. டைப்ரைட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாளுக்கு அவர் நிற்கிற தோரணையே சரியாகப் படவில்லை. குருவிகுளத்துப் பக்கம் பருத்திக் காடுகளைச் சுற்றி வருகிற களப்பணியாளர் அவர். சங்கரன்கோவில் ஆபீசுக்கு வந்தால் முதலில் பானைத் தண்ணீரைக் குடிப்பார், வெயிலைத் திட்டுவார், அப்புறம்தான் வேலையைப் பேசுவார். இன்றைக்குத் தண்ணீரும் குடிக்கவில்லை, வெயிலையும் திட்டவில்லை.

"எம்மா, ஆட்டைப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தேனே, அது எங்க?"

"அதான் நீங்களே அடிச்சிட்டியளே, அண்ணாச்சி."

"நா எங்க அடிச்சேன்? மூணு சுத்து வட்டம்லா போட்டிருந்தேன்!"

"ஆமா. செவப்பு மையில வட்டம். வட்டம் போட்டா எடுத்துரணும். ஏழாம் நம்பர் விதி."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்தப் பருத்திப் பயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தில் ஒன்பது களப்பணியாளர்கள். ஒன்பது பேரும் சேர்ந்து விவசாயிகளுக்கு ஒரு கையேடு எழுத வேண்டும் என்று எண்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம் முடிவானது. ஒன்பது பேர் கையெழுத்தும் ஒன்பது விதம், ஒன்பது பேர் புத்தியும் ஒன்பது விதம். அதனால் செயலாளர் காசிராஜன் முதலில் எழுதுகிறவர்களுக்கு விதிமுறை போட்டார். முழுத்தாளில் இடப்பக்கம் ஓர் அங்குலம் விட வேண்டும். புதிதாகச் சேர்ப்பதை நீல மையில் எழுத வேண்டும். சந்தேகத்தைப் பென்சிலில் குறிக்க வேண்டும். பெரிய எழுத்தில் வர வேண்டியதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. எடுத்துவிட வேண்டியதற்குச் சிவப்பு மையில் வட்டம். இப்படிப் பதினெட்டு விதிகள். பருத்தியைப் பற்றிப் பேசியதைவிட இந்தப் பதினெட்டைப் பற்றித்தான் அந்த ஒன்பது பேரும் அதிகம் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். முப்பிடாதியம்மாள்தான் அதை ஸ்டென்சிலில் வெட்டி, ரோனியோ நகல் மெஷினில் ஓட்டி, ஆளுக்கொன்றாகத் தைத்துக் கொடுத்தாள். பதினொன்றாவது விதி அவளுக்கே உரியது: தட்டச்சர் தாமாக எதையும் சேர்க்கவோ விடவோ கூடாது.

கோமதிநாயகம் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பதினாலு வருஷமாக அவர் காலண்டரில் முகூர்த்த நாளுக்கு வட்டம் போட்டு வந்தவர். மேலே இருந்து வருகிற சுற்றறிக்கையில் முக்கியமான வரிக்கு வட்டம் போட்டு வந்தவர். தான் எழுதியதிலேயே உயிர் நிலையாக நினைத்த வரிக்கும் வட்டம் போட்டார். ஒன்றுக்கு மூன்றாக, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டார். அந்தத் தாள் மற்ற எட்டுப் பேரிடமும் சுற்றி வந்தது. எழுதின ஆளே எடுக்கிறார், நமக்கென்ன என்று எட்டுப் பேரும் ஓரத்தில் இனிஷியல் போட்டுவிட்டார்கள்.

வரி இதுதான்: 'வாசம் போனாலும் விஷம் போகாது. மருந்து அடித்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் அந்தக் காட்டில் ஆடு மாடுகளை மேய இறக்கக் கூடாது.'

மருந்தடித்த செடியின் இலையைக் கசக்கி மோந்து பார்ப்பது இந்தக் கரிசல்காட்டு வழக்கம். வாசம் இருந்தால் விஷம் இருக்கிறது, வாசம் போனால் விஷமும் போயிற்று. பழைய மருந்துகளை அந்தக் கணக்கிலேயே ஓட்டிவிட்டார்கள். இந்த வருஷம் வந்தது புது மருந்து. இரண்டே நாளில் வாசம் போய்விடும், ஆனால் செடிக்குள் ஊறி வாரக்கணக்கில் கிடக்கும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை ஆட்டுக்கு விட்டு, ராத்திரியும் அங்கேயே அடைத்துக் கிடை போட்டு, காட்டுக்கு எரு சேர்ப்பதும் இங்கே வழக்கம். இப்போது பங்குனி, கடைசிப் பறிப்பு முடிகிற நேரம்.

"மூணு சுத்து போட்டிருக்கவும், மூணு மடங்கு வேண்டாம்னு சொல்லுதியன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதியம்மாள்.

அப்படியும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அந்த வரியைத் தாண்டும்போது அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. ஆடு மாடு விஷயத்தை ஏன் எடுக்கச் சொல்லுகிறார் என்று தோன்றியது. எழுந்து போய்க் காசிராஜனிடம் கேட்கவும் கேட்டாள். "விதிப்படி பண்ணும்மா. நீயும் யோசிக்க ஆரம்பிச்சா பெறகு விதி எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அவளும் வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் நாலரை மணி, ஐந்துக்கு பஸ், ஒரு வரி குறைந்ததே என்று அவளுக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

இரண்டு பேருமாகக் காசிராஜனின் மேஜைக்குப் போனார்கள். அவர் பொல்லாத மனிதரில்லை. கேட்டதும் முகம் வெளுத்துப்போய், இழுப்பறையிலிருந்து மூலத்தாளை எடுத்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை பழக்கப்படி விதிமுறைத் தாளை எடுத்தது.

"அச்சான பெறகு திருத்தம்னா தனிச் சீட்டு அடிக்கணும். சீட்டுல ஒம்பது பேரும் கையெழுத்துப் போடணும். அடுத்த கூட்டம் சித்திரை ரெண்டாஞ் சனிக்கெழம."

"அதுக்குள்ள எத்தன கிடை விழும் தெரியுமா சார்?"

"தெரியும் வே! தெரியாமலா சொல்லுதேன்? ஒப்புதல் இல்லாத ஒரு வரிய சங்கத்துப் பேருல நா எப்படி அனுப்ப? நானே போட்ட விதி இது." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அறுநூறு புஸ்தகமும் போயிட்டு. ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

கோமதிநாயகத்தின் கையில் இருந்ததைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. போன வாரமே கட்டுக் கட்டாக பஸ்ஸில் ஏற்றி, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ராயகிரி வரைக்கும் கூட்டம் போட்டுக் கொடுத்தாயிற்று.

முப்பிடாதியம்மாள் யாரையும் கேட்கவில்லை. டைப்ரைட்டரில் அடித்தால்தானே சங்கத்து எழுத்து, கையால் எழுதினால் அவள் எழுத்து. தாளுக்கிடையில் கார்பன் வைத்து, நாலு நாலு பிரதியாக அந்த வரியை எழுதித் தள்ளினாள். நாலாவது பிரதி மங்கலாக விழுந்தது, அதன்மேல் பேனாவால் மறுபடி ஓட்டினாள். காசிராஜன் பார்த்தார். பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரால் செய்ய முடிந்த உதவி அதுதான். அறுபது சீட்டு சேர்வதற்குள் பதினொன்றரை பஸ் வந்துவிட்டது.

"எல்லா ஊருக்கும் போக முடியாது. மொதல்ல துரைப்பாண்டி காட்டுக்குப் போவோம்" என்றார் கோமதிநாயகம் பஸ்ஸில். "போன வெள்ளிக்கெழம மருந்தடிச்சான். இன்னைக்குக் கிடைன்னு சொல்லிட்டிருந்தான்."

துரைப்பாண்டி சொன்னதைச் செய்கிற விவசாயி. கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்பான். அப்படிப்பட்டவன் காட்டுக்கு முதலில் ஓட வேண்டியிருப்பதை நினைத்துக் கோமதிநாயகத்துக்கு அழுகை வந்தது. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பஸ் வழியெல்லாம் நின்று நின்று போனது. ஒரு நிறுத்தத்தில் யாரோ வைக்கோல் கட்டை மேலே ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். முப்பிடாதியம்மாளுக்கு இறங்கித் தள்ளலாம் போலிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். கரிசல் வெடித்துக் கிடந்தது. செருப்பு வெடிப்பில் மாட்டி வார் அறுந்துவிட, அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். காடு கண்ணில் படுவதற்கு முன்பே ஆட்டுக் குரல் கேட்டது.

துரைப்பாண்டி வேலிப் பக்கம் நின்றிருந்தான். கையில் இருந்த ஓலைப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினான். செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தான்.

"எல்லாம் இதுல உள்ளபடிதான் செஞ்சிருக்கேன் சார். அளவு, தண்ணி, காத்துத் திசை எல்லாம் பாத்துதான் அடிச்சேன். ஆடு எறக்குதத பத்தி இதுல ஒண்ணுமே இல்ல. எதுக்கும் நேத்து எலையக் கசக்கி மோந்து பாத்தேன், ஒரு வாசமும் இல்ல. பெறகுதான் ஆட்டுக்கார மாடத்தியக் கூப்பிட்டேன்."

"எப்பம்டே எறக்குன?"

"காலையில. எட்டு மணி இருக்கும்."

மணி ஒன்றரை ஆகியிருந்தது. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார். நாற்பது ஆடு இருக்கும். நல்ல இலைதழை கிடைத்த சந்தோஷத்தில் தலை நிமிராமல் கடித்துக்கொண்டிருந்தன. அவர் கையை வீசி விரட்ட, மாடத்தி கம்போடு குறுக்கே வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்துச் சுருங்கிய உடம்பு. அந்த ஆடுகளை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஏன் வே வெரட்டுதீரு? மொதலாளியே வரச் சொல்லிக் கூப்பிட்டாரு. ஒரு மாசமா காஞ்ச புல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கு எங்குட்டிய. இன்னைக்குத்தான் வயிறு நெறயுது."

"செடியில வெசம் இருக்கும்மா!"

"வாசம் இல்லியே."

முப்பிடாதியம்மாள் முன்னால் போனாள். கையிலிருந்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மாடத்தி அதை வாங்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள்.

"புஸ்தகத்துல ஒரு வரி இருந்திருக்கணும். நாந்தான் அத விட்டுட்டேன், அக்கா."

"எனக்கு எழுத்தா தெரியும்? வரின்னா என்ன, எது விட்டுப்போச்சு, ஒண்ணும் வெளங்கலியே தாயி" என்றாள் மாடத்தி. ஆனால் அவள் குரல் இறங்கிவிட்டது. ஆபீஸ் சேலை கட்டின ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அதற்குமேல் எதுவும் கேட்காமல் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தாள். ஆடுகள் அரைமனதாகத் திரும்பின. போகிற போக்கிலும் எட்டி எட்டிக் கடித்தன.

காட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆடுகளை மறித்து நிறுத்தினார்கள். துரைப்பாண்டி கால்நடை டாக்டரைக் கூட்டிவரச் சைக்கிளில் கிளம்பினான். டாக்டர் ராயகிரி முகாமில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோமதிநாயகம் ஒவ்வோர் ஆட்டின் வாயையும் பிரித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். நுரை இல்லை, நடுக்கமும் இல்லை. ஒன்று மட்டும் படுத்துவிட்டது. வயிறு நிறைந்து படுத்ததா, விஷம் ஏறிப் படுத்ததா என்று தெரியவில்லை.

"எப்பம் தெரியும் அண்ணாச்சி?"

"சில சமயம் உடனே தெரியும். சில சமயம் மறுநாளு."

"இப்ப என்ன செய்ய?"

தெரிந்ததையெல்லாம் கோமதிநாயகம் அந்த ஒரு வரியில் எழுதிவிட்டார். இறக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தாரே தவிர, இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அது அவருக்குத் தெரியாது.

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் குச்சியால் பின்னிக் கவிழ்த்த குடாப்பு இருந்தது. மேயப் போகாத இளங்குட்டிகளைக் மாடத்தி காலையிலிருந்து அதற்குள் அடைத்திருந்தாள். தாய்களின் குரல் கேட்டதும் உள்ளே ஒரே கத்தல். அவள் யோசனையில்லாமல், தினமும் செய்கிற வேலையாக, குனிந்து குடாப்பைத் தூக்கினாள்.

"எக்கா, பொறுங்க!" என்று கத்திய முப்பிடாதியம்மாள் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, பாலு? பால்லயும் எறங்குமா?"

அதுவும் அவருக்குத் தெரியாது.

பதினோரு குட்டிகளும் துள்ளி ஓடி, ஒவ்வொன்றும் தன் தாயைக் குரல் வைத்துக் கண்டுபிடித்து, முன்காலை மடக்கி மண்டிபோட்டு, மடியை முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்கின. வால்கள் துடித்தன.