முதலுதவி அறை நோட்டு

அடுத்தவர் விஷயம் ஒன்று தெரியாமல் போனால் காஞ்சனாவுக்குச் சோறு இறங்காது. தை மாதம் கல்யாணம். அந்த வேலையைப் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு, லைனில் பக்கத்து சீட் ரத்னா செவ்வாய்க்கிழமை ஆனால் ஏன் ஃபேக்டரி முதலுதவி அறைக்குப் போகிறாள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். கேட்டால் ரத்னா சிரிப்பாள்.

அந்த அறையில் ஒரு நோட்டு உண்டு. வருகிறவர்களே பெயரும் உடம்புக்கு என்ன என்பதும் எழுத வேண்டும். எழுதும் சாக்கில் மேலே உள்ளவர்களின் வியாதியையும் படித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் காஞ்சனா 'தலைசுற்றல்' என்று எழுதினாள். ரத்னாவின் பெயருக்கு நேரே வியாதி எதுவும் எழுதாமல் நர்ஸ் சுபஸ்ரீயின் கையெழுத்து மட்டும் இருந்தது. அடுத்த வாரம் 'வாந்தி' என்று எழுதிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினாள். எங்கும் அதே கையெழுத்துதான். மூன்றாம் வாரம் இரண்டையும் சேர்த்தே எழுதினாள், மகா புத்திசாலி.

படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானா? அன்று சாயங்காலம் சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பூர்ணிமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஹேமந்துக்கு அத்தை மகள்.

"இன்னா காஞ்சனா, எத்தினி மாசம்? ஹேமந்த் அம்மாகிட்ட சொல்லிட்டேன். கல்யாணத்த நிறுத்தணும்னு சொல்றாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா எழுதினேன்."

"வாந்தின்னு யாரு சும்மா எழுதுவா?"

முன் சீட்டில் ரத்னா இருந்தாள். வேறு வழியில்லை. "ரத்னாவுக்கு இன்னான்னு பாக்கத்தான் போனேன்," என்றாள் காஞ்சனா. சொல்லும்போதே அவமானத்தில் காது எரிந்தது.

"நம்புற மாதிரியா கீது?" என்றாள் பூர்ணிமா.

ரத்னா திரும்பிப் பார்த்தாள். பூர்ணிமாவின் போனை வாங்கி ஹேமந்தின் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் ரத்னா. காஞ்சனா கூட வேலை செய்றேன். அவ சொல்றது நெசம். எனக்கு வலிப்பு கீது. ஹாஸ்டல்ல தெரியக் கூடாதுன்னு மாத்திரைய நர்ஸ்கிட்ட வெச்சுக்கினு, வாரத்துக்கு ஒரு அட்டை வாங்கிக்கிறேன். அத்த தெரிஞ்சுக்கத்தான் அவ பொய்யா எழுதினா. வேணும்னா நர்ஸம்மாவக் கேளுங்க."

ரத்னா பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கல்யாணம் நிற்கவில்லை. தெரிய வேண்டியதும் தெரிந்துவிட்டது. ஹாஸ்டலில் அன்று ரத்னா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். காஞ்சனா தட்டோடு போய் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை.