செலவினு கொடுக்கணும்

கல்யாணத்துக்கு ஆகிற செலவைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. அதைக் கழற்ற ஆகிற செலவைத்தான் ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. பி.காமில்கூட அது பாடமில்லை. பேச்சி படித்துப் பார்த்தவள், அவளுக்குத் தெரியும்.

போனக்காட்டில் தேயிலை கிள்ளும் தாசம்மாளின் மகள் அவள். அந்த எஸ்டேட் லயத்திலிருந்து காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள். கேரளத் தலைநகரில், தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கணக்கு எழுதினாள், பக்கத்து மேசையில் கணக்கு எழுதிய ஜெயகுமாரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். கணக்கு படித்த ரெண்டு பேர் சேர்ந்து போட்ட தப்புக் கணக்கு. அவன் ஒருநாள் கை நீட்டினான். அடுத்த தடவைக்கு அவள் காத்திருக்கவில்லை, உடுத்திய சுடிதாரோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

டிகிரி சர்ட்டிபிகேட் மட்டும் நாகர்கோவிலில் மாட்டிக்கொண்டது. “எங்கிட்ட இருந்தா பத்திரம்” என்று மாமனார் தாணுலிங்கம் கல்யாணமான புதிதிலேயே வாங்கித் தன் அலமாரியில் பூட்டியிருந்தார். இப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வக்கீல் ராஜஸ்ரீ பொறுமையாக விளக்கினார். “ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சா செலவு கம்மி. சண்டை போட்டா வருஷக்கணக்கா எனக்குச் சம்பளம் கொடுக்கணும். சம்மதிக்க அவங்க என்ன கேக்கிறாங்க?”

“கல்யாணச் செலவைத் திருப்பிக் கேக்கறாங்க மேடம். மண்டபம், பாயசம், வீடியோ.”

“பாயசமுமா?”

“நான் குடிச்சதை மட்டுமில்ல, வந்தவங்க குடிச்சதையும். அதைக் கொடுத்தாத்தான் சர்ட்டிபிகேட்டும்.”

“யூனிவர்சிட்டியில டூப்ளிகேட் கேக்கலாம், போலீசுக்கும் போகலாம். எதுவும் அடுத்த வாரத்துக்குள்ள நடக்காது, கேட்டோ.”

அந்த நிலைமையில்தான் குடும்பக் கோர்ட்டில் கவுன்சிலிங் வந்தது. தாணுலிங்கம் நாகர்கோவிலிலிருந்து கஞ்சி போட்ட வேட்டியில் ரயிலேறி வந்திருந்தார். பாத்திரக்கடைக்காரர். குடம் வாங்க வரும் மலையாளிகளிடம் பேசிப் பேசி, மலையாளம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நம்புகிறவர். ஜெயகுமார் ஓரமாக உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்போதும் அப்பாதான் வாய்.

கவுன்சிலர் அம்மாவுக்குத் தமிழ் வராது. “பிரியறதுன்னு முடிவானா உங்க பக்கம் என்ன சொல்றீங்க?” என்று மலையாளத்தில் கேட்டார்.

தாணுலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். “செலவினு கொடுக்கணும் மேடம்! அது கொடுக்காதெ ஒப்பிடில்லா!”

செலவை அவள் எங்களுக்குக் கொடுக்கணும், கொடுக்காமல் கையெழுத்தில்லை என்பது அவர் மனசில் இருந்த வாக்கியம். ஆனால் வியாபாரி இல்லையா, ‘அவள்’, ‘எங்களுக்கு’ ரெண்டையும் மிச்சம் பிடித்துவிட்டார். மிஞ்சியதற்கு மலையாளத்தில் ஒரே அர்த்தம்தான்: புருஷன் பெண்டாட்டிக்கு ஜீவனாம்சம் கொடுக்கணும்.

கவுன்சிலர் பேனாவைக் கீழே வைத்தார். “இந்த மேசையில இப்படி ஒரு மாமனாரை நான் பார்த்ததே இல்ல” என்று உருகினார்.

ஜெயகுமார் போனிலிருந்து தலை தூக்கினான். “அப்பா, அது வந்து...”

“நீ சும்மா கிடலே. பெரியவங்க பேசுகோம்லா.”

“மாசாமாசமா, இல்ல ஒண்ணிச்சா?” என்றார் கவுன்சிலர்.

“ஒண்ணிச்சு! ஒற்றையடிக்கு!” மொத்தமாக வசூலாகப்போகிற சந்தோஷத்தில் தாணுலிங்கத்தின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

கவுன்சிலர் எழுதிக்கொண்டே பேச்சியைப் பார்த்தார். “மோளே, சம்மதமா?”

சம்மதம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்தச் சம்மதத்துக்கு வராந்தா வரைக்கும்தான் ஆயுசு என்று பேச்சிக்குத் தெரியும். வெளியே போனதும் மகன் அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிடுவான்.

“மாமாவுக்குப் பெரிய மனசு மேடம். செலவை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல, அவர் அலமாரியில பூட்டி வச்சிருக்கிற என் டிகிரி சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கச் சொல்லுங்க.”

“சர்ட்டிபிகேட்டா? அது எதுக்கு இவர்கிட்ட?” கவுன்சிலரின் முகத்திலிருந்த உருக்கம் கொஞ்சம் உறைந்தது.

அதற்குள் ஜெயகுமார் அப்பாவின் காதில் குனிந்துவிட்டான். தாணுலிங்கம் மெதுவாக நாற்காலியில் இறங்கினார். மருமகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்கலாம், இல்லையென்றால் அவளிடம் பாயசக் காசு கேட்க வந்ததை இந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லலாம். பாவம், ரெண்டுமே நஷ்டம்.

“ஏட்டி,” என்றார், குரலை அடக்கி, தமிழில். “சர்ட்டிபிகேட்டத் தந்தா செலவு பேச்ச விடுவியா?”

“கல்யாணச் செலவை நீங்க விட்டா நானும் விடுவேன் மாமா. சம்மதக் கையெழுத்தும் வேணும். இல்லேன்னா பாயசத்தைப் பத்தி மேடம்கிட்ட நானே மலையாளத்துல சொல்றேன். எனக்கு நல்லா வரும்.”

“சவம், தொலையட்டு.”

பாயசத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் பேச்சி மலையாளத்தில் சொல்ல, கவுன்சிலர் அத்தனையையும் எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷன் வாசலில் ஜெயகுமார் பிளாஸ்டிக் கவரை நீட்டினான். பேச்சி பிரித்துப் பார்த்தாள். டிகிரி, மார்க் ஷீட், எல்லாம் இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மாமனார் அதற்கென்று கெட்டியான ஃபைல் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்.

அவன் போகாமல் நின்றான். ஆட்டோக்களைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான்.

“என்ன?”

“அந்த ஃபைல் காசு... அப்பா கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னார்.”

வக்கீல் மேடம் சொன்ன செலவுகளில் இது இல்லை. பேச்சி நூறு ரூபாயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“மிச்சத்துக்கு டீ குடி. என் செலவு.”