நாலாம் நம்பர் அறை வந்து நின்ற அலமாரிகள்

காய்ச்சலுக்குப் பயந்து ஆஸ்பத்திரியின் பெரிய கதவைச் சாத்திய மூன்றாவது வாரம், டாக்டரம்மாவின் நாலாம் நம்பர் அறை தையல்காரர் வீட்டுத் துணி அலமாரிக்குள் வந்து நின்றது. தையல்காரரின் மனைவிக்குச் சர்க்கரை. மாத்திரை தீர்ந்து போயிருந்தது. காய்ச்சல்காரர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக டாக்டரைப் பார்க்கப் போகும் கிழமை வந்தபோது, போக வழியில்லை என்றாலும் பழக்க தோஷத்தில் அந்த அம்மாள் தலையை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அலமாரி திறந்தது. தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளை விலக்கி, ஆஸ்பத்திரியில் வரிசைக்குச் சீட்டுக் கொடுக்கும் டோக்கன் அக்கா தலையை நீட்டி, "அடுத்து" என்றார். உள்ளே அதே மேஜை, அதே எடை பார்க்கும் மெஷின், ஒரு கால் ஆடும் அதே ஸ்டூல், முகமூடியும் கண்ணாடியுமாக டாக்டரம்மா. தையல்காரரின் மனைவி நாற்காலியை அலமாரியோடு ஒட்டிப் போட்டு, சர்க்கரை ஏறியதற்கு நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு, மாத்திரையையும் வாங்கிக்கொண்டார். ஜன்னலோரம் பித்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் நிமிர்ந்து, "என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு அறை ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் சாமான் அறையில் வந்தது. தபால்காரர் வீட்டில் மாடியில் துடைப்பம் வைக்கிற இடத்தில் வந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வீட்டில் குளியலறையே அதுவாகிவிட்டதால் அன்றைக்கு அவர் குளிக்கவில்லை. அறையின் நிலைப்படியில் எந்நேரமும் ஒரு காற்று குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கை போகும், மருந்து போகும், திட்டு போகும், மூச்சு மட்டும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் தும்மல் திரும்பி வந்து தும்மியவர் முகத்திலேயே விழும். இது ரொம்ப நல்ல ஏற்பாடு என்று சுகாதாரத் துறை அதிகாரி பிற்பாடு குறித்துக்கொண்டார். விசாரணைக்கென்று வந்த அவர், தையல்காரர் வீட்டில் காத்திருந்து, விசாரணையை மறந்து தன் இடுப்பு வலியைக் காட்டிவிட்டுப் போனவர்.

வைத்தியமும் மாறிப்போனது. இத்தனை வருஷமாக நோயாளி டாக்டரம்மாவின் அறைக்குள் வந்து நாக்கை நீட்டுவார். இப்போது டாக்டரம்மா நோயாளியின் வீட்டைப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரரின் இருமலுக்குக் காலங்காலமாகச் சிரப் எழுதிக் கொடுத்தவர், சாமான் அறை வழியாக எட்டிப் பார்த்தபோது கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஈரம் பூத்திருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார். அன்று அவர் எழுதிய சீட்டில் சிரப் இல்லை: "ஜன்னல் ஒன்று, வெயில் வரும் பக்கம்." அந்தச் சீட்டைத் தச்சர்தான் வாங்கிப் போனார். காலை இழந்து மாடியைவிட்டு இறங்காமலே கிடந்த தபால்காரரின் அப்பாவுக்கு முதல்முறையாக ஒரு டாக்டர் கிடைத்தார். நாலு பேர் பார்க்க வரிசையில் உட்காரக் கூச்சப்பட்ட தலைமையாசிரியர், தனக்கு மாதக்கணக்கில் தூக்கம் வருவதில்லை என்பதைக் குளியலறையில் வைத்து அழுதுகொண்டே சொல்லிவிட்டார். மருந்துக் கடைக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் புத்தியாகக் கதவுக் கீலும் ஜன்னல் கொக்கியும் விற்க ஆரம்பித்தார்.

ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அறை வரவில்லை. அது டாக்டரம்மாவின் வீடு.

டாக்டரம்மாவின் கணவர் பூட்டுக்காரர். ஊரில் அவர் திறக்காத கதவு கிடையாது. சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள், கோபத்தில் கணவனை வெளியே வைத்துப் பூட்டியவர்கள் எல்லோருக்கும் அவர்தான். காய்ச்சல் வந்த நாளிலிருந்து டாக்டரம்மா வீட்டுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். போனில் பேசும்போது பாதியிலேயே தூங்கிப் போவார். பூட்டுக்காரர் அந்த மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார். இது போதாதென்று வீட்டில் மகள் நிறைமாதமாக இருந்தாள். மருமகன் கப்பலில் வேலை பார்ப்பவன். கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடாமல் கடலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, வலி வந்தால் டாக்டர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கடைசிப் பரிசோதனையில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பிரசவ வார்டே காய்ச்சல் வார்டாகிவிட்டது. பூட்டுக்காரருக்குக் காலையில் எழுந்ததும் தலை சுற்றும். அது காய்ச்சலுக்கு முந்தின கதை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது கவலையில் இன்னும் கூடுதலாகச் சுற்றியது.

அறை வராததை அவர் பூட்டின் கோளாறு என்று நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்? படுக்கையறை அலமாரியின் பூட்டைக் கழற்றி எண்ணெய் விட்டார். பிறகு பூட்டையே மாற்றினார். கதவை இடப் பக்கமிருந்து வலப் பக்கம் திறப்பதாக மாற்றி மாட்டினார். நாலாம் நம்பர் அறையின் சாவிக்கு மாற்றுச் சாவி அவரிடமே இருந்தது. அதையும் போட்டுத் திருகிப் பார்த்தார். உள்ளே அவருடைய சட்டைகளும் ஒரு பழைய மழைக்கோட்டும்தான் தொங்கின. டாக்டர் வீட்டுக்கே இந்த கதியா என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். பூட்டுக்காரர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன்."

அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அறைக்குள் போன் கூடாது என்பது டோக்கன் அக்காவின் சட்டம், ஆகவே அது எங்கோ ஒரு மேஜை டிராயருக்குள் அடித்து ஓய்ந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் சாயந்திரம் வரை வண்டி இல்லை என்றார்கள். பூட்டுக்காரர் அலமாரிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் அடித்தார். "நான்தான். கதவைத் திற. நான்தான்னு சொல்றேன்ல?" என்று கத்தினார். அலமாரியிலிருந்து பூச்சி உருண்டை வாசனைதான் வந்தது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு ஜன்னலில் தையல்காரரின் மனைவி வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "தட்டினா எப்படிண்ணே வரும்? ஆஸ்பத்திரியில நாங்க யாராவது கதவைத் தட்டுறோமா? உக்காந்துதானே இருக்கோம்."

"எங்க உக்கார?"

"நாற்காலியிலதான். வாசலுக்கு நேரா போட்டு, மடியில பையை வச்சுக்கிட்டு. நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறார், ஆனால் உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மருந்துக் கிடங்கை ஒட்டி, ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்கு அவரே சாவி செய்து வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு அதன் வழியாகத்தான் நுழைவார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டும்போது லேசாகத் தொண்டையைச் செருமுவார். டாக்டர் வீட்டுக்காரர் வருகிறார், காலை மடக்குங்கள் என்பதற்கு அதுதான் ஹாரன். மகளும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அந்த வீட்டில் யாருக்காவது ஜுரம் என்றால் டாக்டரம்மா சாப்பாட்டு மேஜையிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இன்னொரு கையால் தன் தட்டை எடுத்துக்கொண்டே மாத்திரையை நீட்டிவிடுவார். அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு நாளும் முறைக்குக் காத்திருந்ததில்லை.

பூட்டுக்காரர் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒன்றில் மகளைச் சாய்த்து உட்கார வைத்தார். மற்றதில் தன் சாவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் எழுந்தார். திரும்பவும் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"செருமாதீங்கண்ணே," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "காலையும் ஆட்டாதீங்க. சும்மா இருங்க."

சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மகள் அவர் விரல்களைப் பிடித்து நெரித்தாள். கதவைத் திறக்கிறவர் என்று பேர் வாங்கிய மனிதர், மூடிய கதவைப் பார்த்தபடி, அது தானாகத் திறக்க வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் தான் பார்த்த முகங்களெல்லாம் இப்படித்தானே இருந்திருக்கும், அவர்களிடம் போய் ஹாரன் அடித்தோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் கால் ஆட்டம் தானாக நின்றது. அலமாரி ஒரு சாண் அளவுக்குத் திறந்தது.

"சார், நீங்களா?" என்றார் டோக்கன் அக்கா. "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்களே. என்ன உடம்புக்கு?"

"மகளுக்கு வலி வந்துடுச்சும்மா."

டோக்கன் அக்காவின் முகம் மாறியது. ஆனால் அறை வரிசைப்படிதான் நகரும். அவரே நினைத்தாலும் தள்ளி விட முடியாது, முன்னால் இருப்பவர்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் உள்பக்கம் திரும்பி உரக்கக் கேட்டார். சட்டைகளுக்குப் பின்னாலிருந்து, ஊரின் வெவ்வேறு வீடுகளிலிருந்து, பதில்கள் வந்தன. காது வலிக் குழந்தையின் அம்மா போகச் சொன்னாள். ரொட்டிக் கடைக்காரர், ஜன்னல் வைத்த பிறகு இருமலே இல்லை, நன்றி சொல்லத்தான் காத்திருந்தேன் என்றார். மூன்றாவது ஒரு பெரியவர், காலில் ஆணி. "பதினோரு வருஷமா இருக்கிற ஆணி, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்," என்றார். "யாரு, அந்தச் செருமல்காரர் வீட்டுப் பொண்ணா? முதல்ல அதைப் பாருங்க."

அலமாரி முழுசாகத் திறந்தது. டாக்டரம்மா யார் வீடு என்று பார்த்தார். அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது, ஒரு கணம்தான். "கட்டிலை இழுத்து இங்க ஒட்டிப் போடுங்க," என்றார். பிறகு அங்கே மனைவி, கணவன், அம்மா, மகள் என்று யாரும் இல்லை; வேலைதான் இருந்தது. உறை போட்ட இரண்டு கைகள் முழங்கை வரை காற்றைத் தாண்டி, சட்டைகளுக்கு நடுவே நீண்டு வந்தன. சொன்னபடி மகள் மூச்சு விட்டாள், சொன்னபடி பூட்டுக்காரர் வெந்நீர் கொண்டுவந்தார், சொல்லாமலே அழுதார். குழந்தை காலை முன்னே நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது. மூச்சைத் தாண்ட விடாத அந்தக் காற்றை அதன் முதல் அழுகை மட்டும் தாண்டிவிட்டது. அது ஊரிலுள்ள எல்லா அலமாரியிலும் சாமான் அறையிலும் கேட்டது. தலைமையாசிரியர் குளியலறையில் சோப்போடு நின்று கைதட்டினார்.

குழந்தையைத் துடைத்துப் பூட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, டாக்டரம்மா காற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது; துடைக்க வழியில்லை.

"மூக்கு உங்களை மாதிரி," என்றார்.

"பாவம்," என்றார் பூட்டுக்காரர்.

குழந்தையை மகளிடம் கொடுத்ததும் அவருக்குத் தலை சுற்றியது. நாற்காலியில் உட்கார்ந்தார், பழகிவிட்டதால் சாவிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா அவரை உற்றுப் பார்த்தார். வேறு எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார், இவரைப் பார்த்ததில்லை.

"என்ன பண்ணுது?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்படவே இல்லை. கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது: காலையில் தலை சுற்றுவது, படி ஏறினால் நெஞ்சு படபடப்பது, ராப்பகலாக உழைத்துவிட்டு வருகிறவளிடம் இதைப் போய்ச் சொல்வானேன் என்று ரெண்டு வருஷமாக விழுங்கியது. நிலைப்படியைத் தாண்டி ரத்த அழுத்தப் பட்டை வந்து அவர் கையைச் சுற்றிக்கொண்டது. எண்ணைப் பார்த்த டாக்டரம்மா, தையல்காரரின் மனைவியைத் திட்டியது போலவே, ஒரு சொல் குறையாமல் அவரைத் திட்டினார். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா உங்களை நான் பார்த்திருக்கவே முடியாதுங்க," என்று முடித்தபோது அவர் குரல் உடைந்தது. பூட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

காய்ச்சல் அடுத்த வருஷம் போனது. கப்பலை உள்ளே விட்டார்கள்; மருமகன் வந்து தன் மகளை முதல்முறையாகத் தூக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியின் பெரிய கதவைத் திறந்தார்கள், டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். ஆனால் நாலாம் நம்பர் அறைக்கு ஊர் சுற்றும் பழக்கம் வந்துவிட்டது. சுகாதாரத் துறை ஒரு உத்தரவு போட்டு, காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் அலமாரி என்று நேரம் பிரித்தது. இப்போது வீடு கட்டுகிறவர்கள் அலமாரியைக் கொஞ்சம் அகலமாகவே வைக்கிறார்கள். அறை கால் மணி நேரம் தாமதமாக வந்தால், என்ன நிர்வாகம் இது என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் டாக்டரம்மா காலைச் சாப்பாட்டின்போது, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பார். "சாயந்திரம் சொல்றேன்," என்பார் பூட்டுக்காரர். சாயந்திரம் சலவைச் சட்டை மாட்டி, தலையை வாரி, அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போடுவார். பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலியில் பேத்தியும் ஒரு சின்னப் பையோடு உட்காருவாள். முன்னால் எத்தனை பேர் இருந்தாலும் சரி, டோக்கன் அக்கா தலையை நீட்டி "அடுத்து" என்று சொல்லும் வரை பூட்டுக்காரர் தொண்டையைக்கூடச் செருமுவதில்லை.