ஒரே நாளில் விட்ட விதை

வானதிக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. தோசைக்கு ஊறப்போட்டால் தெருவுக்கே ஊறப்போடுவாள். சித்திரையில் ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறேன் என்று கிளம்பியவள், அதே வாரத்தில் தையல் வகுப்பில் சேர்ந்து, கொல்லையில் ஆட்டுக் கொட்டகை போடவும் ஆளை வரச்சொன்னாள். ஸ்கூட்டி இன்னும் உறைபோட்டபடி நிற்கிறது. ஆடு வரவே இல்லை. இதைச் சொன்னால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் ஆவணியில் அவள் கையில் எடுத்த காரியம் சிரிக்கிற காரியம் இல்லை.

குடவாசலுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வேலி நிலம். வேலி என்றால் இருபது மா, ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கணவன் பரணிதரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். கல்யாணமான மறுவருஷமே விமானம் ஏறியவன். எப்போதாவது வருவான், மகள் யாழினிக்குச் சாக்லேட்டும் மனைவிக்குத் தலைவலித் தைலமும் கொடுப்பான், பெண் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்போது பெட்டியைக் கட்டிவிடுவான். நிலம் குத்தகையில் கிடந்தது. போன பொங்கலுக்கு வந்தவனிடம் வானதி ஒரே பிடியாக நின்றாள். போதும், வந்துவிடுங்கள் என்று அழுதாள்.

அவன் வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான். "குத்தகைய திரும்ப வாங்கிடுவோம். ஒரு வேலியையும் நீ தனியா சம்பா எடுத்துக் காட்டு. முழுசும் பச்சையா நிக்கிறத நான் பாத்துட்டேன்னா, வர்ற தையில வேலைய விட்டுட்டு வந்துடுறேன். சத்தியம்."

வேறு ஒருத்தியாக இருந்தால், இது நடக்கிற கதையா என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பாள். வானதி அன்றைக்கே வயல்காட்டு வேலைக்கென்று ரப்பர் செருப்பு வாங்கினாள்.

அங்கேதான் கோளாறு. அந்தப் பக்கத்தில் விதை விடுவதற்கு நல்ல நாள் பார்ப்பார்கள். நாள் பார்த்து நாற்றங்காலில் ஒரு பிடி விதைப்பார்கள், சாமி கும்பிடுவார்கள். அதோடு சரி. மீதி விதையை இரண்டு மூன்று தவணையாகத்தான் விடுவார்கள். அப்போதுதான் நாற்று தவணை தவணையாகத் தயாராகும், கிடைக்கிற ஆளை வைத்து நடவும் தவணை தவணையாக நடக்கும். வானதிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இவ்வளவு நல்ல நாளை ஒரு பிடியோடு விட்டுவிட மனம் வரவில்லை. இருபது மாவுக்கும் வேண்டிய விதையை அந்த ஒரு காலையிலேயே விட்டுத் தீர்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் நிற்கிற படத்தைக் கணவனுக்கு அனுப்பினாள். அவனும் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினான்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலக்காரி ஞானாம்பாள். நாற்பதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு வரப்பில் நின்று, "ஏம்மா, மொத்தத்தையும் இன்னிக்கேவா? நட ஆள கவர்மெண்டு அனுப்புதா?" என்று கேட்டாள். வானதிக்குச் சுருக்கென்றது. அதிலிருந்து அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

நாற்று யார் வீம்புக்கும் காத்திருக்காது. புரட்டாசியில் இருபது மா நாற்றும் ஒன்றுபோல் எழும்பி, ஒன்றுபோல் பறிப்புக்கு நின்றது. கண்ணுக்கு அப்படி ஓர் அழகு. ஆனால் அத்தனையையும் ஒரே நேரத்தில் நட ஆள் வேண்டும்.

நடவுக்கு ஆள் கூட்டி வருகிற முருகையனைப் பிடித்தாள். "வடக்கேயிருந்து வந்த பசங்கள எல்லாம் பெரிய மிராசுக்காரங்க பேசிட்டாங்கம்மா" என்றான். நடவு மெஷின்காரனைக் கேட்டாள். மெஷினுக்குப் பாய் மாதிரி தட்டில் வளர்த்த நாற்று வேண்டும், தரையில் விட்டது ஆகாது என்று போனை வைத்துவிட்டான். கடைசியில் ஒரு நாளைக்கு ஆறு பெண்கள் வரமுடியும் என்று முருகையன் சொல்லியனுப்பினான்.

"ஆறு பேரா? ஒரு வேலிக்கு ஆறு பேரை வெச்சு நான் என்ன பண்றது? வந்தா மொத்தமா வரட்டும், இல்லாட்டி வேணாம்" என்று வானதி சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய்க்கு அவளே இரண்டு போட்டிருக்கவேண்டும். அந்த ஆறு பேர் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள். வீட்டுப் பக்கத்து ஐந்து மா ஏற்கெனவே சேறு குழைய உழுது, சேடை ஓட்டி, தண்ணீர் கட்டி, நடவுக்குத் தயாராகக் கிடந்தது. அதில் ஒரு முடி, ஒரே ஒரு கட்டு நாற்றுகூட விழவில்லை. அதை நட்டால் மிச்சம் பதினைந்து மா என்ன ஆவது என்ற நினைப்பு அவளைப் போட்டு உலுக்கியது. காலையில் எழுந்ததும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு டிராக்டர்காரனுக்குப் போன் போடுவாள். பேசிக்கொண்டே மோட்டார் கொட்டகைக்குப் போவாள். அங்கே போனால் எதற்கு வந்தோம் என்று மறந்துபோகும். பால் தீய்ந்து நாற்றம் தெருவுக்கே வரும். பாவம், நாள் முழுக்க ஓடினாள், ஒரு வேலையும் முடியவில்லை. பரணிதரன் கேட்கும்போதெல்லாம், "நல்லாப் போவுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சம்பா நாற்று முற்றிவிட்டால் நட்டும் பயனில்லை, பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டாது. நுனி பழுப்பேற ஆரம்பித்ததை வானதியும் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதவளாக நடந்தாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. விடாமல் கொட்டியதில் ஞானாம்பாளின் நாற்றங்கால் முழுகிப்போனது. அவளுடையது தாழ்ந்த நிலம், வானதியுடையது மேடு. வடிய வழியில்லாமல் நின்று, வடிந்தபோது நாற்று அழுகிக் கிடந்தது. மழை விட்ட காலையில் அவள் நேராக வானதி வீட்டு வாசலுக்கு வந்தாள். முகத்தில் பழைய மிடுக்கு இல்லை.

"வானதி, நாளைக்கு எனக்கு நடவு. எங்க மேலத்தெரு பொம்பளைங்க அத்தன பேரும் வர்றாங்க. அவங்களுக்குப் போன மாசமே சொல்லி வெச்சது. ஆள் இருக்கு, வயல் இருக்கு, கையில ஒரு முடி நாத்து இல்ல. உங்கிட்ட கொட்டிக் கெடக்கு. குடுத்தீன்னா உனக்குப் புண்ணியமாப் போவும்."

"எனக்கே வேணும்க்கா" என்றாள் வானதி.

"எதுக்கு? பறிச்சுப் போர் போடறதுக்கா? நுனி பழுக்குது பாரு. இன்னும் ஒரு வாரம் போனா மாடுகூட மோந்து பாக்காது."

"அது எங்கவலை."

ஞானாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கவலைய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? சரி, சும்மா வேணாம். நாளைக்கு என் ஆளுங்க முதல்ல உன் வயல்ல இறங்கட்டும். சேடை ஓட்டிக் கெடக்குதே அஞ்சு மா, அத நட்டுக் குடுத்துட்டு மீதி நாத்த எடுத்துக்கிட்டு நாங்க போறோம். கேக்குறதுக்கு இதுக்கு மேல எனக்கு வாய் இல்லம்மா."

வானதி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மா. ஐந்து மாவை வைத்துக்கொண்டு, தையில் வா என்று அவனை எந்த வாயால் கூப்பிடுவது? மீதி நாற்றைக் கொடுப்பதும் அவனுடைய பெட்டியை இவளே கட்டி அனுப்புவதும் ஒன்றுதான் என்று பட்டது. அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஞானாம்பாள் பதறிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள் வானதி. தைப் பொங்கல், சத்தியம், முழு வேலி, ஆறு பெண்களை வேண்டாமென்றது, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அடிப்பாவி" என்றாள் ஞானாம்பாள். "இதையா இத்தன நாள் ஒத்தையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச?" முந்தானையால் வானதியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வானதி எழுந்து வரப்புக்குப் போனாள். வேலி முழுவதையும் பார்த்தபோது எங்கே தொடங்குவது என்று வழக்கம்போலத் தெரியவில்லை. பிறகு கண்ணைத் தாழ்த்தி அந்த ஐந்து மாவை மட்டும் பார்த்தாள். தண்ணீர் தெளிந்து, சமமாக, நட்டுவிட்டால் போதும் என்கிற நிலையில் கிடந்தது. இவ்வளவு நாளில் அதை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. இதைச் செய்ய முடியும். இதை நாளைக்கே செய்ய முடியும். அவமானமாகத்தான் இருந்தது. கூடவே, வெகுநாளைக்குப் பிறகு மூச்சு முழுதாக வந்தது.

"விடியக்காலையில நாத்து பறிக்க ஆள அனுப்புங்கக்கா" என்று திரும்பி வந்து சொன்னாள்.

மறுநாள் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். வானதியும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் நட்ட வரிசை கோணலாகப் போனதைப் பார்த்து எல்லோரும் ஒரு பாட்டம் சிரித்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் ஐந்து மாவும் முடிந்தது. மீதி நாற்று தலைச்சுமையாக வாய்க்காலைத் தாண்டிப் போனது. காலியாகக் கிடந்த நாற்றங்காலைப் பார்க்காமல் இருக்க வானதி பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்று ஞாயிறு. சாயங்காலம் பரணிதரன் வீடியோவில் வந்தான். அவள் வரப்பில் நின்றுகொண்டு போனைத் திருப்பி வயலைக் காட்டினாள்.

"ஏ, நல்லாருக்கே! மீதியையும் காட்டு."

"மீதி இல்லங்க. நட்டது அஞ்சு மாதான். மத்த நாத்து ஞானாம்பாள் அக்கா வயலுக்குப் போயிடுச்சு. பதினஞ்சு மா தரிசுதான் இந்த வருசம். தையில வேணா பயறு தெளிச்சுப் பாக்கலாம்." "நான் தோத்துட்டேங்க. நல்லாப் போவுதுன்னு சொன்னதெல்லாம் பொய்."

படம் நின்றுவிட்டதோ என்று வானதி போனைத் தட்டினாள். படம் நிற்கவில்லை. அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான்.

"வானதி, உன்னால முடியாதுன்னு தெரிஞ்சுதான் முழு வேலின்னு சொன்னேன்."

"என்னது?"

"எனக்குப் பயம். அங்க வந்து என்ன பண்ணப் போறேன்? இத்தன வருசம் போயி என்னத்தக் கொண்டாந்தான்னு ஊர்ல கேப்பாங்க. நீ அழுத, முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அதான் நடக்காத ஒண்ணச் சொன்னேன். நீ இப்படி உசுரக் குடுத்து இறங்குவேன்னு நினைக்கல."

வானதிக்குத் தீய்ந்துபோன பாலும், தூங்காத விடியலும், ஞானாம்பாளிடம் திருப்பிக்கொண்ட முகமும் எல்லாமாகச் சேர்ந்து ஆத்திரமாகக் கிளம்பியது. "நல்லாருக்குங்க! ரொம்ப நல்லாருக்கு! நான் இங்க செத்துச் செத்துப் பொழச்சிருக்கேன், நீங்க அங்கேருந்து கட்டவிரல காட்டிக்கிட்டிருந்தீங்களா?" போனை வயலில் எறிந்துவிடத்தான் கை ஓங்கியது. எறியவில்லை.

அவன் அழுதுகொண்டிருந்தான். அவளும் அழுதாள்.

"சரி" என்றாள் வானதி கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சத்தியமெல்லாம் வேணாம். பெருசா ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களால என்ன முடியுமோ அத மட்டும் சொல்லுங்க."

அவன் இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தான் என்பது பார்க்கும்போதே தெரிந்தது.

"தையில முடியாது, வானதி. சித்திரை வரைக்கும் காண்ட்ராக்ட் இருக்கு. ஆடியில வந்துடுறேன், உழவுக்கு. முழு வேலி எல்லாம் எனக்கும் தெரியாது. உன் அஞ்சு மாவோட இன்னொரு அஞ்சு மா. அத நான் பாக்குறேன். கூட நின்னு சொல்லிக் குடு."

வரேன் வரேன் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் நம்ப முயன்றிருக்கிறாள். இந்தத் தடவை முயலவேண்டியிருக்கவில்லை.

"ஆடியிலயே வாங்க" என்றாள்.