முப்பத்தொரு செங்கல் உயரம்

மற்ற ஊர்களில் பேன் கடித்தால் தலை அரிக்கும். எங்கள் கராந்தாத் துறையில் ஆள் தரையை விட்டு எழும்பிவிடுவார். ஆற்றுத் தண்ணீர் அப்படி என்று சிலர் சொல்வார்கள், மண் அப்படி என்று சிலர். பத்துப் பேனுக்கு ஒரு செங்கல் உயரம் என்பது கணக்கு. செங்கல் சூளை ஊர் என்பதால் பிள்ளைகளின் வளர்த்தியையும் வெள்ளத்தின் ஏற்றத்தையும்கூடச் செங்கல்லால்தான் அளப்போம். ஒன்றிரண்டு செங்கல் ஏறிய பிள்ளையை அம்மாக்காரி பின்னலைப் பிடித்து இழுத்து மடியில் இருத்துவாள். நாலு தடவை சீவினால் கால் தரைக்கு வந்துவிடும். எர்மீனியா அம்மையார் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வரும்வரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவர் பேனைப் பெருமாளாக்கினார். காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும், தலையில் ஒரே ஒரு ஈர் ஒட்டியிருந்தாலும் திரும்பி வரக்கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டினார். காவலாளி தினமும் காலையில் காகிதத்தோடு குனிந்து நின்றான். நாற்பது நாள் வராத பிள்ளைக்கு அந்த வருஷம் போச்சு என்ற பழைய சட்டம் வேறு இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் ஆறாம் வகுப்பு சுனில்தா, சூளையில் செங்கல் அறுக்கும் தெயோலிந்தாவின் மகள். அந்த வகுப்பை முடித்தால் அக்கரையிலுள்ள மேல்பள்ளியில் அவளுக்கு இடம் உண்டு. முடிக்காவிட்டால் சூளையின் சேற்றுக்குழியில் இடம் உண்டு, அதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. நவம்பர் பிறந்தபோது அவள் கணக்கில் முப்பத்தொன்பது நாள் ஏறியிருந்தது.

பள்ளி நர்ஸ் நிமியா குள்ளமான, பிடிவாதமான பெண். பழைய வரைபடங்கள் கிடந்த அறையில் ஒரு பெஞ்சு, ஒரு வாளி, ஒரு எஃகுப் பேன்சீப்பு, இவ்வளவுதான் அவளுடைய ஆஸ்பத்திரி. மண்ணெண்ணெயோடு வந்த தாய்மார்களைத் திட்டித் திருப்பி அனுப்பினாள். தலையை நனைத்து, தேங்காய்ச் சோப்பு நுரையைத் தடவி, வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பாள். ஈர் பொரிக்க ஒரு வாரமாகும் என்பதால் மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் இதைச் செய்வாள். அப்படிச் செய்ததில்தான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வீட்டில் இருந்தால் சுனில்தாவின் கால் தரையில் நிற்கிறது. பள்ளிக்கு வந்து பத்து நாளில் மறுபடி ஏறிவிடுகிறாள்.

நிமியா நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள்.

"பேன் சூளையிலேருந்து வரலம்மா, இங்கேருந்துதான் போகுது. அத்தனை தலையையும் ஒரே நாள்ல சீவணும். பெரியவங்க தலையும் சேத்துத்தான்."

"என் தலையையுமா? எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா யாரும் பேனைப் பாத்ததில்ல!"

"பாக்காம எப்படிம்மா தெரியும்?"

இன்னொரு வார்த்தை பேசினால் எங்கேயோ கிடக்கும் சாக்கோ முள்ளுக்காட்டுப் பள்ளிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிக்கொண்டே அம்மையார் எழுந்து நின்றார். அவர் நின்ற இடத்தில் இரண்டு தரையோடுகள் விரிசல் விட்டன. நிமியா குனிந்து அந்த விரிசலைப் பார்த்தாள், பிறகு அம்மையாரின் கறுப்புச் சூவைப் பார்த்தாள், திரும்பி வந்துவிட்டாள். ஊர்க் கொல்லன் அந்த வருஷம் முழுக்கப் பெரிய வீடுகளுக்கு இரும்பு அடி வைத்த சூ செய்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். யாருக்கு என்று மட்டும் அவன் வாய் திறக்கமாட்டான். பெரிய வீட்டுப் பெண்கள் ஞாயிறுதோறும் கோயில் வாசலில் கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். பேனுக்குத் தாவத் தெரியாது, பறக்கத் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால் போதும், பாலம் போட்டதுபோல நடந்து போய்விடும்.

பள்ளியின் ஆண்டுவிழாவுக்காகக் கூடத்தில் புதுத் தரை போடும் வேலை தெயோலிந்தாவிடம் இருந்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவளும் நிமியாவும் ஒரே குவளையில் மாத்தே இலைத் தேநீரை மாற்றி மாற்றிக் குடித்தபடி அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. விழா அன்று விடியற்காலையில் தெயோலிந்தா தரைக்கு இன்னொரு பூச்சு சிவப்பு மெழுகு போட்டாள்.

அன்று சுனில்தா பதினாலு செங்கல் உயரத்தில் இருந்தாள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாள். அது நாற்பதாவது நாள். காற்று ஆற்றுப்பக்கம் இழுத்துப் போய்விடாதபடி, தெயோலிந்தா அவள் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைச் செங்கல் வண்டியில் முடிந்து, கூடத்தின் வெளிச்சுவர் ஓரமாக நிறுத்தினாள். பிறகு கூடத்து வாசலில் கைகட்டி நின்றாள்.

"மெழுகு இன்னும் காயல. செருப்பு, சூ எல்லாத்தையும் வெளியிலயே விட்டுட்டு வாங்க. யாரா இருந்தாலும்."

மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். நகரத் தலைவர் தோன் கிரெசென்சியோ முதலில் கழற்றினார், எட்டுச் செங்கல் எழும்பி நிலைப்படியில் தொப்பியை இடித்துக்கொண்டார். அவர் மனைவி ஒன்பது. பாதிரியார் ஆசீர்வதிப்பதுபோலக் கைகளை விரித்துக்கொண்டு பதினொன்றில் நின்றார். எர்மீனியா அம்மையார் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"எனக்குச் சளி. குளிர்ந்த தரையில நின்னா ஆகாது."

"தரையில நிக்கப்போறீங்கன்னு யாரு சொன்னா?" என்றாள் தெயோலிந்தா.

கூட்டம் சிரித்தது. அம்மையார் வலதுகால் சூவைக் கழற்றியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இடதுகால் சூவையும் கழற்றியதும் விட்டத்தில் போய் முட்டினார். அவருக்கு இருந்த தலைக்கனத்துக்கு அவர் மிதந்ததுதான் அதிசயம் என்று பின்னால் பேசிக்கொண்டோம். முப்பத்தொரு செங்கல். கொத்தனார்கள் சுவரில் கோடு போட்டு வைத்தார்கள், இன்றும் அழியவில்லை.

ஆனால் அவர் அழ ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எட்டு மாசமா கட்டில்ல என்னைக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கிறேன், நிமியா. யாருகிட்டச் சொல்வேன்?"

கேட்டவர்களுக்கு மனசு கரைந்தது. எனக்கும்தான்.

"இறக்கிடலாம்மா. இது பேன்தான். பாவமும் இல்ல, குத்தமும் இல்ல" என்றாள் நிமியா.

ஏணி மெழுகில் வழுக்கியது. அந்த உயரத்தில் பழகியவள் ஊரில் ஒருத்திதான். தெயோலிந்தா வண்டியிலிருந்து முடிச்சை அவிழ்த்து, மகளை உள்ளே கொண்டுவந்து மேசைக்கு மேலே மிதக்கவிட்டுக் கயிற்றைத் தளர்த்தினாள். நிமியா சீப்பையும் நுரைத் துணியையும் நீட்டினாள். ஒரு வருஷமாக அடிக்கடி காற்றில் கிடந்த பிள்ளை, தண்ணீரில் நீந்துவதுபோல் இரண்டு வீச்சில் அம்மையாரின் தோளைப் பிடித்துவிட்டாள். கொண்டையை அவிழ்த்து, நனைத்து, வேரிலிருந்து நுனிவரை வாரினாள்.

"வலிக்குதுடீ."

"தலையை ஆட்டாதீங்க டீச்சர்."

பத்துப் பேனுக்கு ஒரு செங்கல் வீதம் அம்மையார் இறங்கினார். பாதியில் பள்ளி வாத்தியக்குழு யாரும் சொல்லாமலே போல்க்கா வாசிக்க ஆரம்பித்தது. கடைசிச் செங்கலும் இறங்கி வெறுங்கால் சிவப்புத் தரையில் பதிந்தபோது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சுனில்தா இன்னும் மேலேதான் மிதந்துகொண்டிருந்தாள்.

"சுனில்தா இன்னைக்கு வந்திருக்கா. எழுதிக்கோ" என்றார் குமாஸ்தாவிடம்.

"அவ கால் தரையில இல்லையே டீச்சர்?"

"பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்காளா இல்லையா?"

குமாஸ்தா எழுதினான். தெயோலிந்தா கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அம்மையார் வெறுங்காலோடு வாசலுக்கு நடந்துபோய், தான் ஒட்டிய அறிவிப்பைத் தானே கிழித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு தலைகள் சீவப்பட்டன. பள்ளி முற்றத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவர் தலையை வாரினோம். நகரத் தலைவரின் தலை சூளைக்காரி ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டு குட்டும் வாங்கியது. சுனில்தா கடைசியாக இறங்கினாள். மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம், ஒரு தலை விடாமல் நிமியா திரும்பத் திரும்பப் பார்த்தாள். கொல்லன் இரும்பு அடிகளை உருக்கிப் பேன்சீப்பு செய்தான். அதன்பிறகு எங்கள் பள்ளியில் பேனுக்காக எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போனதில்லை. மிதக்கிற பிள்ளையைப் பெஞ்சுக் காலில் ஒரு கயிற்றால் கட்டுவோம், பாடம் நடக்கும்.

வருஷ முடிவில் சுனில்தா சான்றிதழ் வாங்கினாள். கைதட்டல் அடங்குமுன்னே நேராக நர்ஸிடம் வந்து அவள் காலைப் பார்த்தாள்.

"நர்ஸம்மா, ஒரு செங்கல் ஏறியிருக்கீங்க."

"தெரியும்டீ. ரெண்டு நாளா நேரமே கிடைக்கல."

"உக்காருங்க."

நிமியா பெஞ்சில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். சுனில்தா சான்றிதழை இடுப்பில் செருகிக்கொண்டு சீப்பை எடுத்தாள். எர்மீனியா அம்மையார் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.